மகாகனிப் படகும் முப்பது நாள் விதியும்

விண்ணப்பம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படாவிட்டால், கோரிய அனுமதி வழங்கப்பட்டதாகவே கருதப்படும். விதி அப்படித்தான் சொல்கிறது. நான் அரசு அலுவலகத்தில் பணியில் இருந்த காலம் முழுவதும் இந்த விதியால் பயனடைந்த ஒருவரையும் பார்த்ததில்லை. அப்படி ஒருவர் உருவாகாமல் நானே கவனித்துக்கொண்டேன். இருபத்தொன்பதாம் நாள் ஏதாவது ஒரு விளக்கம் கேட்டுக் கடிதம் போட்டால் போதும். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

ஓய்வு பெற்றபின் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காரிமங்கலம் வரை பஸ்ஸில் போய், ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கிறேன். அந்த நிலையில்தான் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறார்கள், கார் ஷெட்டில் ஒரு பழைய அமெரிக்க மோட்டார் படகு கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன். எப்போதோ வேலைக்கு வந்த அமெரிக்கப் பொறியாளர் கப்பலில் கொண்டுவந்து, விட்டுப்போனது. இருபதடி நீளம். மகாகனிப் பலகை, மூக்கில் குரோமியப் பட்டை, ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். நீச்சல் தெரியாத நான் அதை வாங்கினேன்.

லாரியிலிருந்து இறக்கும்போது மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"ஆறு ஓடுற ஊருக்கு மாத்தல் வாங்குங்கன்னு சர்வீஸ்ல இருந்தப்ப எத்தனை தடவ கேட்டேன். இப்ப படகு மட்டும் வந்திருக்குது."

எஞ்சினை ஒரு டிராக்டர் மெக்கானிக் ஓடவைத்துவிட்டார். பலகைதான் கவலை. மரப்படகு தண்ணீரில் கிடக்க வேண்டும். வெளியே கிடந்தால் காய்ந்து சுருங்கி, பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழும். எங்கள் ஊர் வெயிலில் இன்னொரு கோடை என்றால் அது விறகு. தினமும் ஈரச் சாக்கு போட்டு மூடினேன். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போய், இடைவெளிக்குள் போஸ்ட் கார்டை நுழைத்துப் பார்த்தேன். முதலில் ஒன்று நுழைந்தது. ஆகஸ்டில் மூன்று நுழைந்தன.

பக்கத்து அணையின் நீர்த்தேக்கம் பென்னாகரம் பக்கமாக வந்து முடிகிற இடத்தில் படகை மிதக்கவிட்டு ஓட்ட அனுமதி கேட்டு, செப்டம்பரில் என் பழைய அலுவலகத்துக்கே விண்ணப்பித்தேன். இருபத்தொன்பதாம் நாள் கேட்கக்கூடிய கேள்விகள் எல்லாம் எனக்குத் தெரியும். அத்தனைக்கும் பதிலை முன்கூட்டியே இணைத்தேன். உறையின் தடிமனைப் பார்த்துத் தபால்காரர் கல்யாணப் பத்திரிகையா என்று கேட்டார்.

முப்பது நாள் முடிந்தது. ஒரு கேள்வியும் வரவில்லை. விதிப்படி அனுமதி என் கையில்.

முப்பத்தோராம் நாள் நான் என்ன செய்தேன்? நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். எழுத்தில் இல்லாத அனுமதியை வைத்துக்கொண்டு ஒரு துரும்பைக்கூட நகர்த்திப் பழகாதவன் நான். தபாலில் போட்டுவிட்டு வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது: விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் போயிற்று. டிசம்பரில் நான்கு கார்டு நுழைந்தபோது ஒரு வழி கண்டுபிடித்தேன். ஓட்டுவதற்குத்தான் அனுமதி வேண்டும்; ஊறப்போடுவதைப் பற்றி எந்த விதியும் பேசவில்லை. டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிப்போய், எஞ்சினைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, ஓரத் தண்ணீரில் இறக்கினேன். இடைவெளிகள் வழியே தண்ணீர் ஏறி, விளிம்பு மட்டும் தெரிய அமிழ்ந்தது. அங்கே பரிசல் ஓட்டுகிறவர் தலையில் கைவைத்தார்.

"என்னாங்க சார், இவ்ளோ தூரம் கொண்டாந்து முழுக வுட்டுட்டீங்க?"

"ஊறட்டும். மரம் உப்பினால் தானே அடைச்சுக்கும்."

"எங்க பரிசலுக்குத் தார் பூசுனா ஒரு மணி நேரத்துல ஆத்துல எறக்கிடுவோம். அமெரிக்காக்காரன் இன்னும் ஊறவெச்சிக்கினு இருக்கறானா?"

ஆறாம் நாள் தண்ணீரை இறைத்தோம். மீண்டும் ஏறவில்லை. எஞ்சினைப் பூட்டினோம். படகு மிதந்தது. கரையில் ஒரு புளியமரத்தில் கயிறு கட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, அனுமதிக்குக் காத்திருந்தேன். தினமும் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போனேன்.

ஜனவரியில் தேக்கம் இறங்கத் தொடங்கியது. கயிறு நீண்டுகொண்டே போனது. மூங்கிலால் தள்ளித் தள்ளி ஆழத்துக்கு விட்டோம். ஒரு நாள் காலை போனபோது படகின் அடி சேற்றைத் தொட்டிருந்தது. முன்னால் மணல் மேடு. அதைச் சுற்றி எஞ்சின் போட்டுப் போனால்தான் ஆழம்.

"தண்ணி பின்னால போயிக்கினே இருக்குது, உங்க காயிதம் முன்னால வரமாட்டேங்குது," என்றார் பரிசல்காரர். "இன்னும் ரெண்டு நாள்ல வூட்டுக்கே தூக்கிக்கினு போயிடலாம். இல்ல, ஏறி ஓட்டுங்க. அனுமதிதான் வேணும்னா, நான் பாத்தேன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அது போதுமா?"

படகைச் சேற்றிலிருந்து நெம்பித் தள்ளிவிட்டு அவரே முதலில் ஏறி உட்கார்ந்தார். நான் சாவியைத் திருப்பினேன். எதிர்க்கரை மலையில் சத்தம் மோதித் திரும்பியது, கொக்குகள் எழுந்தன. மணல் மேட்டைச் சுற்றி ஆழத்துக்குப் போனோம். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இன்னும் இரண்டு சுற்று சுற்றினேன்.

கரையேறியபோது மனைவியின் போன்.

"ரிஜிஸ்தர் தபால் வந்திருக்குது. கையெழுத்து நான் போட்டுட்டேன். படிக்கட்டா?"

"படி."

"படகு தற்போது எந்த இடத்தில், எந்த நிலையில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்ற விவரத்தை ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும்."

"தேதி?"

"அவங்க போட்டதா, நமக்கு வந்ததா?"

"வந்தது. ஏழு நாளை அதிலிருந்துதான் எண்ணணும்."

"இன்னிக்குத்தானுங்க. ஜனவரி இருபத்து மூணு."