கரீம் பாயின் குண்டு எழுத்து

போன வாரம் என் மகளின் கல்யாணப் பத்திரிகையை என் மைத்துனனே கிழித்துப் போட்டான்.

சண்டை ஒன்றும் இல்லை. மயிலாப்பூரில் என் அச்சகத்தில் நானே அடித்த முதல் பிரதி அது. மை காய்ந்ததும் சைதாப்பேட்டைக்கு எடுத்துப் போய்க் கொடுத்தேன். எழுத்தைப் பார்த்தான்.

"ஐயோ... யாரு மாமா பூட்டாங்க?"

பதிலுக்குக்கூடக் காத்திராமல் நாலாகக் கிழித்தான். சாவுக் காகிதத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாதே!

யாரைக் குற்றம் சொல்வது? கரீம் பாயைத்தான்.

பாய்க்கு அச்சகம் தியாகராயநகரில். யுத்தம் முடிந்த கையோடு புது அச்செழுத்து ஒன்றை ஈயத்தில் வார்த்து வாங்கினார். குண்டு எழுத்து. கோடு எங்கும் ஒரே தடிமன். கூர் கிடையாது, மெலிவு கிடையாது. முனையெல்லாம் மழுங்கி, எண்ணெயில் உப்பிய போண்டா மாதிரி. இதெல்லாம் ஒரு அழகா? கண்டவரிடமெல்லாம் 'இல்லை' என்றுதான் சொல்லிவந்தேன்.

ஆனால், டிராமில் போகிறவன்கூட அதைப் படித்துவிடுகிறான்! நாடகக்காரர் அங்கே போனார். சோடாக் கடைக்காரர் போனார். சோப்பு, ஊறுகாய், சர்க்கஸ் — எல்லாம் போயிற்று.

எனக்கு மிஞ்சியது கருமாதிப் பத்திரிகை. குண்டு எழுத்தில் 'காலமானார்' என்று போட்டால் செத்தவர் சிரிப்பது போல இருக்கிறதாம். ஆகவே யார் போனாலும் என் ஒல்லி எழுத்துதான். அதைக் கண்டாலே ஊர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போகிறது. மைத்துனன் மட்டும் வேறென்ன செய்வான்?

பொறாமை என்கிறீர்களா? ஆமாம், பொறாமைதான். எதிரியின் மட்டச் சரக்கால் யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை. நல்ல சரக்கால்தான் கெடுகிறது.

"பாய் கிட்டயே போய் அடிச்சிகினு வாங்க" என்றாள் என் மனைவி.

"செத்தாலும் போக மாட்டேன்!"

"செத்தா நம்ம கடையிலயே அடிச்சிக்கலாம். இது கல்யாணம்."

போனேன்.

"வாங்க நைனா! இன்னா, வழி தவறிட்டீங்களா?" என்று சிரித்தார் பாய். நான் எழுதிக் கொண்டுபோன பத்திரிகை வாசகத்தைப் படித்ததும் சிரிப்பை நிறுத்தினார். "நம்ம பொண்ணு கல்யாணமா? தள்ளுங்க, நானே எழுத்துக் கோக்கறேன்" என்று சட்டைக் கையைச் சுருட்டினார்.

அச்சான தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். என் மகளின் பெயர் கொழுகொழுவென்று நின்றது, அவள் தவழ்ந்த நாளில் இருந்த மாதிரி. பிழை தேடினேன். ஒன்றுகூட அகப்படவில்லை.

மைத்துனன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்தின் பக்கத்தில் செருகினான். "இது பத்திரிகை மாமா!" என்றான்.

கிழித்துப் போடலாம் போல இருந்தது... இந்தத் தடவை எனக்கு.