கங்காணி கூட்டி வந்த பங்காளி

“...அதையும் மரத்து மேல உக்காந்துட்டுத்தான் சொல்லோணுங்களா? எறங்கி வந்து சொன்னா நாக்கு உள்ள போயிருமா?” என்று அத்தை பலாமரத்தைப் பார்த்துக் கேட்டாள்.

மிளகுக்கொடிக்கு நடுவே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. அத்தையைக் கட்டிக்கொள்ளப் போகிறவரின் கால்கள். கீழே ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத்தான் பரிசம் பேசுவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையோ மரத்திலிருந்தபடி, “ஆமாங்க, வைக்கப்போருக்கு நெருப்பு வெச்சது நாந்தானுங்க” என்று சபை கேட்க ஒப்புக்கொண்டு முடித்திருந்தார்.

நான் அப்போது சின்னப் பெண். அத்தை என் அப்பாவின் தங்கை. மாப்பிள்ளை மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சிப் பக்கத்திலிருந்து மலையேறி, எங்கள் காட்டில் மரவள்ளி பிடுங்கக் கூலிக்கு வந்தவர். கிழங்கு லாரியேறிப் போய்விட்டது, அவர் போகவில்லை. கீழூரார் என்பதே பெயராக நிலைத்துவிட்டது. உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் காக்கித் துணியைக் கண்டால் மரமேறிவிடுவார். எங்கள் மலைப்பகுதியான ஆலத்தூர் நாட்டுக்குப் போலீஸ் வருவதே அபூர்வம். இவர் ஃபாரஸ்ட் கார்டுக்கு ஏறினார், கரண்ட் கம்பி பார்க்க வந்தவருக்கு ஏறினார், டீ குடிக்க இறங்கிய பஸ் கண்டக்டருக்கு ஏறினார். காக்கி டிரவுசர் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பிய பக்கத்து வீட்டுப் பையனுக்குக்கூட ஒருநாள் பாதி மரம் ஏறிவிட்டு இறங்கினார்.

“கொரங்கே அலுத்துப் போயிருக்கும்” என்பாள் அம்மா.

ஏறினால் லேசில் இறங்கமாட்டார். அத்தைதான் திட்டிக்கொண்டே சோற்றுப் போசியைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்புவாள். அப்படி அனுப்பி அனுப்பித்தான் ஆசை வந்தது என்று ஊரில் பேச்சு. கீழே என்னதான் செய்துவிட்டு வந்தீர்கள் என்று அவள் கேட்காத நாளில்லை. “ஒண்ணுமில்லீங்க” என்று மண்ணைப் பார்ப்பார்.

சரி, கட்டிக்கொள்ளட்டும் என்று அப்பாவும் இறங்கி வந்தார். அங்கேதான் சிக்கல். எங்கள் ஊரில் பரிசம் பேச மாப்பிள்ளை பக்கத்துப் பங்காளி ஒருவராவது பாயில் உட்கார்ந்து, “இவன் எங்க ஆளு” என்று சொல்லியாக வேண்டும். கீழூரார் தனக்கு யாருமே இல்லை என்று சாதித்தார்.

விஷயம் அத்தோடு நின்றிருக்கும். எங்கள் கங்காணி சும்மா இருந்திருந்தால். கூட்டத்துக்கு வீடு வீடாகப் போய் ஆள் அழைப்பது அவர் பொறுப்பு. பாயில் ஓர் இடம் காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி முள்ளுக்குறிச்சிக்குப் போய், டீக்கடையில் அடையாளம் சொல்லி விசாரித்திருக்கிறார். ஒரு பெரியவர் துள்ளி எழுந்து, “அவன் எம் பங்காளிதானுங்க, எங்க இருக்கறான்? வருசக்கணக்காத் தேடறேன்” என்றிருக்கிறார். கங்காணிக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டதாம். எங்கள் மலையில் பங்காளி என்றால் பக்கத்தில் உட்காருகிறவர். கீழ்நாட்டில் வரப்புத் தகராறில் எதிரே நிற்கிறவர். அந்த வித்தியாசம் பாவம், கங்காணிக்கு எப்படித் தெரியும்? கையோடு கூட்டி வந்து, வெற்றிலை கொடுத்து, நடுப்பாயில் உட்காரவைத்துவிட்டார்.

கீழூரார் புது வேட்டியில் வந்தார், பார்த்தார், ஏறினார். காக்கி எங்கே என்று எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தோம்.

“எம் போரைக் கொளுத்திப்போட்டு ஓடி வந்தவன் இவன்” என்றார் பங்காளி.

கங்காணி தலையில் கைவைத்துக்கொண்டார். “நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க...” என்று ஆரம்பித்தவரை அப்பா பார்த்த பார்வையில் மீதி வரவில்லை. கூட்டத்தை நடத்தும் ஊர்க்கவுண்டர்தான் நிதானமாக மரத்தைப் பார்த்து, “நெசமா சாமி?” என்று கேட்டார். அப்போது வந்ததுதான் அந்த ஒப்புதல். அதற்குத்தான் அத்தையின் அந்தக் கேள்வி.

ஊர்க்கவுண்டர் விடவில்லை. “போரு வேகற அளவுக்கு நீங்க என்னங்க பண்ணுனீங்க?” என்று பங்காளி பக்கம் திரும்பினார். பங்காளி வெற்றிலையை மென்றார். நெடுநேரம் மென்றார்.

“வரப்பக் கொஞ்சம் வெட்டுனது உண்டுங்க.”

“கொஞ்சமுன்னா?”

“வருசா வருசம் கொஞ்சம்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பங்காளிக்கும் சிரிப்பு வந்து, அதை அடக்கிக்கொண்டு சொன்னார்: “கேசு எப்பவோ தள்ளுபடி ஆயிருச்சுங்க. ஸ்டேசன்ல இவன் மூஞ்சி தெரிஞ்சவங்க ஒருத்தருமில்ல. இவன் பங்கு நெலம் முள்ளு மண்டிக் கெடக்குது, பார்க்கப் பார்க்க வயிறு எரியுது. அதுக்குத்தான் தேடுனேன்.”

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை வருடம் மேலே போன போசிகளை எல்லாம் நினைத்தாளோ என்னவோ.

தீர்ப்பு நல்ல தீர்ப்பு. இருவரும் இன்றைக்கே கீழே போக வேண்டும். வெட்டிய வரப்பைப் பங்காளி போட்டுத்தர வேண்டும். எரித்த போருக்குப் பதில் கீழூரார் புதுப்போர் போட்டுத்தர வேண்டும். பிறகு இருவரும் ஒன்றாக மலையேறி வந்து ஒரே பாயில் உட்கார்ந்தால் பரிசம். வராவிட்டால் அத்தைக்கு வேறு இடம் பார்க்கப்படும்.

“எறங்கு கண்ணு, பஸ்ஸு வார நேரம்” என்றார் ஊர்க்கவுண்டர்.

“கூட்டிப்போய்ப் புடிச்சுக் குடுத்துட்டா?” என்றது மரம்.

பங்காளி சத்தியம் செய்தார். கங்காணி இரண்டு சத்தியம் செய்தார். கால்கள் இன்னும் ஒரு கிளை மேலே போயின. ஊரே மாறி மாறிக் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது பஸ் வந்து கீழ் ரோட்டில் நின்றது. கண்டக்டர் காக்கிச் சட்டையோடு இறங்கி நின்று விசிலை வாயில் வைத்தார். முடிந்தது என்று அப்பா பாயைச் சுருட்டினார். பங்காளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய், தனக்கு டிக்கெட் எடுத்து முன்னால் உட்கார்ந்தார்.

அத்தை மரத்தைப் பார்க்கவில்லை. கூப்பிடவும் இல்லை. திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. விறுவிறுவென்று சரிவில் இறங்கினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கண்டக்டரிடம், “முள்ளுக்குறிச்சிக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க” என்றாள்.

இரண்டாவது எனக்குத்தான் என்று நினைத்து நான் சந்தோஷமாகப் படியில் கால் வைத்தேன். அத்தை என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். நான் ஓவென்று அழுதேன். பக்கத்தில் இடம் இருக்கிறது, டிக்கெட்டும் இருக்கிறது, பிறகு ஏன் என்னை விட்டுவிட்டுப் போகிறாள் என்று அன்று முழுக்க எனக்குப் புரியவே இல்லை.

அவள் உள்ளே போய், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்து, மரம் இருந்த திசைக்கு முதுகைக் காட்டியபடி, அவசரமே இல்லாதவள்போல் அவிழ்ந்த கொண்டையை முடியத் தொடங்கினாள்.