கொழுப்புக் குறைத்த சோஸ்

இரத்தத்தில் கொழுப்புக் கூடிப்போய்விட்டது என்று வைத்தியர் சொன்னதும் என் கணவர் என் பக்கம் திரும்பி, "எனக்குக் கொழுப்பெண்டு நீர் இவ்வளவு நாளும் சொன்னனீர். இப்ப டொக்டரும் சொல்லிப்போட்டார்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

அப்போது நாங்கள் ஜெர்மனியில், டோர்ட்மண்டில் மூன்றாம் மாடியில் இருந்தோம். லிஃப்ட் இல்லாத கட்டிடம். முந்திய கிழமை தமிழ்க் கடையில் வாங்கிய அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறியவர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூட்டையை இறக்கிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "மூச்சு வாங்குது, வேறை ஒண்டுமில்லை" என்றார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு நாளும் ஒழுங்கான நித்திரை இல்லை.

"என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று வைத்தியர் கேட்டார்.

"வேலையில் சமைப்பதைத்தான்."

"என்ன வேலை?"

"இத்தாலி உணவகத்தில் சமையல்."

வைத்தியர் பேனையை மேசையில் வைத்துவிட்டு "ஆ" என்றார். பிறகு, ஆஸ்பத்திரியில் தொடை வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு இதயத்தைப் பார்க்க வேண்டும், அதற்கு நாள் குறித்துத் தரும் டெர்மின் கிடைக்கச் சில கிழமைகள் ஆகும், அதுவரை வேலைக்குப் போகக்கூடாது என்று விளக்கி, நோய் விடுப்புக்கான க்ராங்க் கடிதம் எழுதித் தந்தார். வெண்ணெய், கிறீம், பன்றிக் கொழுப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்.

அகதியாக வந்த காலத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, அதே உணவகத்தில் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றவர் அவர். வருடக்கணக்காக நின்றே பழகிய மனிதரை வீட்டில் இருக்கச் சொன்னால் எப்படி இருப்பார்? முதல் கிழமை அலமாரிக் கதவுகளின் திருகாணிகளை எல்லாம் முறுக்கினார். ஜன்னலைத் திறந்தார், சாத்தினார், திரும்பத் திறந்தார். தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சில நேரம் கை தானாக நெஞ்சுக்குப் போகும். நான் பார்ப்பது தெரிந்தால் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோலப் பாசாங்கு செய்வார்.

நானும் சும்மா இருக்கவில்லை. காலையில் முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கும்போதே மனம் வீட்டுக்கு ஓடிவிடும். இடைவேளைகளில் தாதியரின் அறைத் தொலைபேசியில் அவரைக் கூப்பிடுவேன். "என்ன செய்யிறியள்?" என்பேன். "இருக்கிறன்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த இடைவேளையிலும் அதே கேள்வி, அதே பதில்.

சோஸ் யோசனை எங்கள் மகளால் வந்தது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. லீவு நாட்களில் அப்பா வேலையிலிருந்து இறைச்சி சோஸ் கொண்டுவருவார். ஸ்பகெட்டியோடு அதைச் சாப்பிட்டுப் பழகியவள் அவள். "அப்பா, சோஸ் எப்ப கொண்டுவருவீங்கள்?" என்று கேட்டாள். 

"நானே செய்வன். கொழுப்பில்லாமல்" என்றார் அவர்.

அவர் உணவகத்தில் செய்யும் முறை எனக்குக் கேள்வியால் தெரியும். உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பைப் பொடியாக வெட்டி உருக்கி, அதற்குள் வெண்ணெய் போட்டு, மாடும் பன்றியும் கலந்து அரைத்த இறைச்சியை வதக்கி, கடைசியில் கிறீம் ஊற்றி இறக்குவது. இவற்றை எல்லாம் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை முதல் நாளே கண்டோம். வான்கோழி நெஞ்சிறைச்சியை அரைத்து வாங்கி, தண்ணீர் தெளித்து வதக்கி, தகரத் தக்காளியை ஊற்றினார். இறைச்சி வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து, தக்காளித் தண்ணீருக்குள் தனியாக மிதந்தது. மகள் ஒரு வாய் வைத்துவிட்டு முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"புளிக்குது."

"கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டால் சரிவரும்" என்றேன் நான்.

"நீர் பேசாமல் இரும்" என்றார். அவர் என்னோடு அப்படிப் பேசுகிறவர் அல்ல. எழுந்து போய் ஜன்னலடியில் நின்றார்.

அடுத்தடுத்த நாட்களும் அதே அடுப்படிதான். அரைத்த இறைச்சி தண்ணீர் விடுகிறது என்று சொல்லி, முழு இறைச்சியை வாங்கிவந்து கத்தியால் கொத்தினார். பலகையில் டக்டக்கென்று விழும் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் தன் வீட்டுக் கூரையில் தடியால் தட்டினார். இவர் பலகைக்குக் கீழே துவாய் மடித்து வைத்துவிட்டுத் திரும்பக் கொத்தினார். செலரித் தண்டு வேண்டுமென்று அலைந்தார். பக்கத்துக் கடையில் சூப்புக்கென்று கட்டி வைத்திருக்கும் மரக்கறியில் செலரிக் கிழங்குதான் இருந்தது. "இது வேறை வாசம், உமக்கு விளங்காது" என்றார். எனக்கு விளங்கத்தான் இல்லை. டெர்மினுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் இந்த மனிதர் அடுப்படியிலேயே விழுந்துவிடுவார் என்பது மட்டும் விளங்கியது.

ஒரு நாள் காலை இடைவேளையில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குளிக்கிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்துக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்றாம் தரமும் எடுக்காதபோது கையிலிருந்த தலையணை உறையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மேற்பார்வைப் பெண்ணிடம் "என் கணவர்" என்று தொடங்கும்போதே "போ, போ" என்று அவள் என் கோட்டை எடுத்துத் தந்தாள்.

ட்ராம் ஒவ்வொரு தரிப்பிலும் நின்றது. இறங்கி ஓடிப்போய்த் தள்ளலாமா என்றிருந்தது. மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறிக் கதவைத் திறந்தேன். படுக்கையறை, குளியலறை, அடுப்படி, எங்கும் அவர் இல்லை. பலகையில் கரட் பாதி வெட்டியபடி கிடந்தது. சப்பாத்து இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்களோ என்று நினைத்தவுடன் கீழே ஓடினேன். கீழ்வீட்டுக்காரரின் கதவைத் தட்டினேன். என் கணவர் நடந்துபோனதைக் கண்டதாக அவர் சொன்னார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். கையைக் காட்டினார். உணவகத்துக்குப் போகும் ட்ராம் நிற்கும் பக்கம்.

அந்த உணவகத்துக்குள் நான் அன்றைக்குத்தான் முதன்முதலாக நுழைந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் நிறைந்திருந்தார்கள். சலவை உடுப்போடு மேசைகளுக்கு நடுவே நடந்து, சமையலறைக் கதவைத் தள்ளினேன். ஆவிக்குள் என் கணவர் நின்றார். சமையல் ஏப்ரன் கட்டி, பெரிய பானையிலிருந்து ஸ்பகெட்டியை வடித்துக்கொண்டிருந்தார். ஆள் உயிரோடு இருக்கிறார் என்ற ஆறுதல் ஒரு கணந்தான். அடுத்த கணம் நான் கத்தினேன்.

"உங்களுக்கென்ன விசரே? சொல்லாமல் கொள்ளாமல் இஞ்சை வந்து நிக்கிறியள்! நான் செத்துப் போனன் தெரியுமே?"

எல்லா அடுப்பும் எரிந்துகொண்டிருக்க, கோப்பை எடுக்க வந்த பரிமாறுபவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். முதலாளி, கண்ணாடியில் ஆவி படிந்த பருத்த இத்தாலிக்காரர், கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வைத்தியர் அனுமதித்துவிட்டார் என்று சொன்னாரே" என்றார் ஜெர்மனில். என் கணவர் பானையை இறக்கி வைத்தார்.

"செலரி கேக்கத்தான் வந்தனான். மற்றச் சமையல்காரன் வரேல்லை. முதலாளி தனிய நிண்டார்."

"அதுக்கு?"

அவர் குரலைத் தணித்து, "கோவிக்காதையும். வீட்டிலை இருந்தால் நாள் முழுக்க என்ரை நெஞ்சு அடிக்கிறதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன். அடுத்தது அடிக்குமோ அடிக்காதோ எண்டு. இஞ்சை வந்தால் அது கேக்கேல்லை" என்றார்.

நான் அங்கே கிடந்த தக்காளிப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்கும் பயம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவருக்குப் பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதலாளி என் கணவருடைய ஏப்ரனின் முடிச்சைத் தானே அவிழ்த்துவிட்டார். ஒரு கட்டு செலரித் தண்டை எடுத்துத் தாளில் சுற்றி என்னிடம் தந்தார். கொழுப்பில்லாமல் சோஸ் செய்யத்தான் அது என்று நான் சொன்னதும், "அந்த சோஸின் பெயரே எங்கள் ஊர்ப் பெயர்தான். இதற்கு அதை மட்டும் வைத்துவிடாதீர்கள்" என்றார். சொல்லிவிட்டு, வாசல்வரை கூடவே வந்து, ட்ராம் ஏறும்வரை நின்றார்.

அன்று பின்னேரம் இருவருமாகச் செய்தோம். இறைச்சியை நான் கொத்தினேன். அவர் கதிரையை அடுப்படியில் போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் செய்தேன். எழும்பக்கூடாது என்பது என் கட்டளை. ஆனால் நொடிக்கொரு தரம் எழும்பினார். கொழுப்பில்லாத மாட்டிறைச்சி பாதி, வான்கோழி பாதி. சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒட்டிப் பிடித்துச் சிவக்கும்வரை கிளறாமல் விடச் சொன்னார். "கிண்டாதையும், விடும், விடும்!" அதை எடுத்து வைத்துவிட்டு, ஒரேயொரு கரண்டி ஒலிவ் எண்ணெயில் வெங்காயம், கரட், செலரித் தண்டு. சிறு நெருப்பில் அவை குழையும்வரை மூடி வைத்தோம். தக்காளியின் புளிப்பை அந்தக் கரட்டின் இனிப்பே எடுத்துவிடும் என்றார். காளானைப் பொடியாக அரிந்து போட்டால் இறைச்சி கூடியதுபோல இருக்கும் என்பதும் அவர் கண்டுபிடிப்புத்தான். பிறகு தக்காளி, பிரிஞ்சி இலை. கிறீமுக்குப் பதிலாகக் கொழுப்பு நீக்கிய பால் அரைக் கோப்பை. கடைசியில் ஸ்பகெட்டி அவித்த தண்ணீரில் ஓர் அகப்பை விட்டபோதுதான் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து பளபளத்தது.

மகள் சாப்பிட்டாள். நாங்கள் இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பழைய சோஸ் மாதிரி இல்லை" என்றாள். பிறகு கோப்பையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்றாள்.

அவர் தன் பங்கை நின்றுகொண்டே சாப்பிட்டார்.

டெர்மின் நாள் வந்தது. ஆஸ்பத்திரி நடைபாதையில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட நடந்த நேரம் கூட. இதயத்தின் இரத்தக் குழாய் ஒன்று ஒடுங்கியிருந்ததாகவும், சிறு பலூனை ஊதி அதை விரித்துவிட்டதாகவும் ஓர் இளம் வைத்தியர் வந்து சொன்னார். "இனி வேலைக்குப் போகலாமா?" என்பதுதான் உள்ளேயிருந்து என் கணவர் கேட்ட முதல் கேள்வியாம். சில கிழமைகளுக்குப் பிறகு போகலாம், மத்தியானத்தில் மட்டும் என்றார்கள். முதலாளி ஒத்துக்கொண்டார்.

அவர் வேலைக்குத் திரும்பிய நாளில் எனக்கு லீவு. காலையில் அவரை அனுப்பிவிட்டு, அலமாரியில் இருந்ததை எல்லாம் வெளியே எடுத்துத் துடைத்து அடுக்கினேன். சோஸ் ஒரு சட்டி காய்ச்சினேன். உணவகத்துக்குத் தொலைபேசி எடுக்கப் போய், எடுக்காமல் வைத்தேன். வீட்டில் இருக்க ஏலவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு தரிப்புக்குப் போனேன். அவர் வர இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. ட்ராம்கள் வந்து வந்து போயின. குளிரில் கால்மாற்றி நின்றேன்.

கடைசியில் ஒன்றிலிருந்து அவர் இறங்கினார். என்னைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

"என்ன? என்ன நடந்தது? பிள்ளைக்கு ஏதும்...?"

"ஒண்டுமில்லை. சும்மா வந்தனான்" என்றேன்.

என்னை ஒருமுறை பார்த்தார். அவருடைய உடுப்பில் பூண்டு வாசம் அடித்தது. இருவரும் வீட்டை நோக்கி, அவருடைய வழக்கமான வேகத்தில் இல்லாமல், மெதுவாக நடந்தோம்.