கவிழ்த்து வைத்த கிளாஸ்

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் மலையூரான கோலா தெர்லாவில் மோகனாவின் சமையலறையைப் போய்ப் பார்க்கட்டும். கதவே இருக்காது. பக்கத்து வீட்டு வசந்தன் அதைக் கோடாரியால் பிளந்துவிட்டான், நிலைச்சட்டம் மட்டும் நிற்கும். உள்ளே தாயும் மகளும் மயங்கிக் கிடந்ததை ஊரே பார்த்தது.

போன பள்ளி விடுமுறையில் நடந்தது. கியா பார்ம் சந்தைக்கு மேலே டொனால்ட் குடும்பம் நடத்தும் சின்ன ஸ்ட்ராபெரி வைன் கடை. பெரியவர்கள் ருசி பார்க்க வைன், பிள்ளைகளுக்கு ஜூஸ். போனில் சொல்லி வைத்துவிட்டு, ஆறு வயது மகள் ரூபினியோடு மோகனா காரில் போனாள். நல்ல மழை, பனிமூட்டம். வேறு ஆளில்லை.

டொனால்ட் ஒரு பாட்டிலைத் திறந்து வைத்தார்.

"இருங்க லா, பின்னாடி போயி இன்னொரு வகை எடுத்தாறேன்."

மேசைக் கோடியில் ஒரு ஸ்டூல். அதன் எதிரே ஒரு கிளாஸ், கவிழ்த்து வைத்தபடி.

மோகனா எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவள். அங்கே பாட்டில் திறந்தால் முதல் ஊற்று முனியாண்டிக்குத்தான். டொனால்ட் வீடு வேதக்காரர் வீடு, கிறிஸ்தவர்கள்; வேலையாள் யாரோ சாமிக்கு வைத்த கிளாஸைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். எந்த நேரத்தில் நினைத்தாளோ. கிளாஸை நிமிர்த்தி ஒரு வாய் ஊற்றினாள்.

"வந்து சாப்புடு சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மழைச் சத்தம் நின்றது.

ஜன்னலைப் பார்த்தாள். மழை பெய்துகொண்டுதான் இருந்தது...

டக்.

வாசல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஓடிப் போய் இழுத்தாள். அசையவில்லை. பின்கதவும் அப்படியே. ஓங்கித் தட்டினாள். கை வலித்தது, சத்தம் வரவில்லை. புளித்த வாடை தொண்டையை அடைத்தது. மூச்சு முட்டியது.

க்ளக்... க்ளக்...

திரும்பினாள். ரூபினி அந்தக் கிளாஸில் வைனை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"அங்கிள் இன்னும் கேக்குறாரும்மா."

ஸ்டூல் காலி.

ஊற்றிய கிளாஸும் காலி...

மோகனா பாய்ந்து அதைக் கவிழ்த்தாள்.

மழை இரைந்தது. கதவு திறந்து கிடந்தது. வாசலில் டொனால்ட், முகம் வெளிறிப் போய்.

"எங்க போனீங்க? நாலு தடவ வந்து பாத்துட்டேன். உள்ள யாருமே இல்லையே."

மோகனா பிள்ளையையும் அவள் பையையும் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினாள்.

வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உயிரே வந்தது. போன் அடித்தது. டொனால்ட்.

"அந்தக் கிளாஸ நிமித்துனீங்களா?"

"சாமிக்குன்னு நெனச்சேண்ணே."

"சாமி இல்லமா. என் தம்பி ரயன். வைன் புளிக்கிற ரூம்ல கதவு மாட்டிக்கிச்சு. மூச்சு முட்டியே போயிட்டான். அது அவன் கிளாஸ். நிமித்துனா வந்துடுவான். வந்தா... கதவு தொறக்காது."

டொனால்ட் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கிளாஸ இப்பக் காணோம் லா."

க்ளக்... க்ளக்...

மோகனா மெல்லத் திரும்பினாள். மேசைமேல் ரூபினியின் பை திறந்திருந்தது. அந்தக் கிளாஸ் நிமிர்ந்து நின்றது. ரூபினி அதில் ஜூஸ் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அங்கிளுக்கு இன்னும் தாகமா இருக்காம்மா."

டக்.

அந்தச் சமையலறைக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது.