அழித்துவிட்டு ஏற்றிய ஆயிரம் பாட்டு

காரில் பாட்டுக் கேட்க ஒரு மெமரி கார்டு வாங்கப் போய், கம்பம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் நான் போட்ட சண்டையை இன்றைக்கும் சிலர் சொல்லிச் சிரிக்கிறார்கள். நகத்தளவு கார்டுக்காக ஒரு டீச்சர் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் என்கிறார்கள். கத்தினேன். இன்னும் கொஞ்சம் கத்தியிருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.

நான் கூடலூரில் பள்ளி ஆசிரியை. என் வீட்டுக்காரருக்கு உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பாடற்குழுவோடு பாடுவார். மற்ற நாட்களில் பந்தலுக்கு அடியில் மருந்தடிக்கும்போது பாடுவார், கார் ஓட்டும்போது பாடுவார். பெரிய பாடகர் என்று சொல்ல மாட்டேன். மேலே போக வேண்டிய இடத்தில் பாதியில் நின்றுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஆனால் அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் இத்தனை வருடம் குடும்பம் நடத்தினேன்.

தொண்டையில் கட்டி என்று தெரிந்து, குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளில் அவரே காரை ஓட்டினார். தேனி தாண்டினோம். ஆண்டிபட்டியைக் கடந்து கணவாயில் ஏறும்போது திடீரென்று பாட ஆரம்பித்தார். போனை மடியில் வைத்துப் பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினேன். அதைப் பார்த்தார், நிறுத்தவில்லை. சினிமாப் பாட்டு, மாதா பாட்டு, எங்கள் மகளைத் தூங்க வைக்கப் பாடிய பாட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. நடுவில் குறுக்கே வந்த லாரிக்காரனை ஒரு திட்டுத் திட்டினார். அதுவும் பதிவாகியிருந்தது. உசிலம்பட்டியில் காரை நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு, "போதும்" என்றார்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் கழுத்தில் இருக்கும் துளை வழியாகத்தான் மூச்சு. அதன் மேல் மெல்லிய துணி கட்டியிருப்பார். குரல் இல்லை. கையால் சொல்வார், இல்லையென்றால் போனில் தட்டிக் காட்டுவார். அவரை மதுரைக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப் போவதற்காகவே நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பதிவை ஒரு மெமரி கார்டில் போட்டுக் காரில் செருகி வைத்தேன். அந்தப் போன் பிறகு தண்ணீர்த் தொட்டியில் விழுந்து கெட்டுப்போனது. கார்டில்தான் இருக்கிறதே என்று நான் கவலைப்படவில்லை.

பிறகு கார்டு திக்க ஆரம்பித்தது. பாதிப் பாட்டில் நின்றுவிடும். புதிய கார்டு வாங்கி, அதற்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். சும்மா போகவில்லை. காரோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவரிடம் கேட்டேன். எங்கள் காரில் இருக்கும் பாட்டு செட் பழையது, முப்பத்திரண்டு ஜிபிக்கு மேல் போட்டால் படிக்காது என்று தெரிந்துகொண்டுதான் இவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். என்ன வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "எத்தன ஜிபி சார் போடலாம்?" என்றார். முப்பத்திரண்டு என்றேன் நான். அவர் மறுபடியும் வீட்டுக்காரரைப் பார்த்து, இப்போதெல்லாம் யாரும் முப்பத்திரண்டு வாங்குவதில்லை, நூற்றிருபத்தெட்டு போட்டுக்கொண்டால் பிறகு கவலையே இல்லை என்று விளக்க ஆரம்பித்தார். இவர் என் பக்கம் கையைக் காட்டினார். அது அந்த ஆளுக்குப் புரியவில்லை.

"இவுகளுக்குப் பேச்சு வராது. கார் ஓட்டுறது நானு. எங்கிட்டக் கேளுங்க" என்றேன்.

அதன் பிறகும் அவர் என்னிடம் பேசவில்லை. சத்தத்தை உயர்த்தி, காது கேளாதவரிடம் பேசுவது போல இவரிடமே பேசினார். பேச முடியாத ஆணிடம் கேட்டாலும் கேட்பேன், வாய் திறந்து பதில் சொல்லும் பெண்ணிடம் கேட்க மாட்டேன் என்றால் இதை என்னவென்று சொல்வது? நான் முப்பத்திரண்டையே கையில் எடுத்துக் கொடுத்தேன். பழைய கார்டையும் கொடுத்து, இதில் இருப்பதை அப்படியே புதியதில் ஏற்றிக் கொடுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன். கம்ப்யூட்டர் மெதுவாக வேலை செய்கிறது, கொஞ்சம் பொறுத்து வாருங்கள் என்றார். நாங்கள் மருந்துக் கடைக்குப் போய்ப் பஞ்சும் துணியும் வாங்கி வந்தோம்.

திரும்பி வந்தபோது இரண்டு கார்டையும் உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். காரில் ஏறிப் புதியதைச் செருகினேன். தடதடவென்று குத்துப்பாட்டு ஒன்று கிளம்பியது. அடுத்ததைத் தட்டினேன், அடுத்ததைத் தட்டினேன். எல்லாம் சினிமாப் பாட்டு. பழைய கார்டைச் செருகினேன். அதிலும் அதே குத்துப்பாட்டு.

கடைக்குத் திரும்ப ஓடினேன். பின்னாலேயே இவரும் வந்தார். கடைக்காரர் நிதானமாகச் சொன்னார். பழைய கார்டில் கோளாறு இருந்ததாம். கம்ப்யூட்டரே அழிக்கச் சொன்னதாம். அழித்துச் சுத்தம் செய்து, சும்மா தர வேண்டாமே என்று இரண்டிலும் ஆயிரம் பாட்டு ஏற்றியிருக்கிறாராம். அதற்குத் தனியாகக் காசுகூட வாங்கவில்லையாம்.

அதில் இருந்தது எங்கே என்று கேட்டேன்.

"அதுல பாட்டே இல்லக்கா. ஓட விட்டுப் பாத்தேன். காத்து இரைச்சல்ல யாரோ கத்திக்கிட்டு இருந்தாக. தெரியாம பதிவானதுன்னு நெனச்சேன்" என்றார்.

கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, அது பாட்டில்லை என்று தீர்ப்புச் சொல்லி அழித்திருக்கிறார். அப்போதுதான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. அப்படிக் கத்தியவர் இதோ நிற்கிறார் என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. பக்கத்துக் கடைகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர், முக்கியமானதென்றால் இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டாமா என்று எனக்கே புத்தி சொன்னார். அழித்தவனை விட்டுவிட்டு, பறிகொடுத்தவளைக் கேள்வி கேட்கிறது ஊர்.

கடைக்காரருக்கு அப்போதுதான் இவர் கழுத்துத் துணி கண்ணில் பட்டது. முகம் மாறிவிட்டது. "சார், மன்னிச்சுக்கங்க சார்" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார். இவர் கையை விடுவித்துக்கொண்டு, விரலை நீட்டி என்னைக் காட்டினார். அந்த ஆள் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், டீ சொல்லட்டுமா என்று கேட்டார். மன்னிப்பு என்ற சொல் என் பக்கம் கடைசி வரை வரவே இல்லை.

பழைய கார்டை எடுத்துக்கொண்டு மறுநாளே தேனிக்குப் போனேன். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில், அழிந்ததை மீட்டுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கே இருந்தவர் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, வெறுமனே அழித்திருந்தால் முழுதாக எடுத்துவிடலாம், மேலேயே பாட்டை ஏற்றியிருக்கிறார்களே என்று உதட்டைப் பிதுக்கினார். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். இருவரும் போனோம். துண்டு துண்டாகக் கொஞ்சம் கிடைத்திருந்தது. மாதா பாட்டு முழுதாக இருந்தது. மகளுக்குப் பாடியது நடுவில் அறுந்திருந்தது. லாரிக்காரனைத் திட்டியது மட்டும் ஒரு கீறல் இல்லாமல் வந்திருந்தது. ஸ்டுடியோவில் எல்லார் முன்னாலும் அழுதேன்.

திரும்பி வரும்போது காரில் அதைப் போட்டேன். சின்னமனூர் தாண்டியிருப்போம். அவர் கையை நீட்டி அணைத்தார். தெரியாமல் பட்டுவிட்டது என்று நினைத்து நான் மறுபடி போட்டேன். மறுபடி அணைத்தார். ஓரமாக நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, போனில் வெகுநேரம் தட்டி என்னிடம் நீட்டினார்.

'இதக் கேக்கும்போது நானும் கூடப் பாடப் பாக்குறேன். தொண்டை அசையுது. காத்துதான் வருது. ஒவ்வொரு தடவையும்.'

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடைக்காரர் மேல் வந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லாமல் போனது. இத்தனை நாளாக மதுரைக்குப் போகும்போதும் வரும்போதும் இதைத்தானே போட்டேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரசிக்கிறார் என்றல்லவா நினைத்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 'நீ சந்தோசமா இருந்த' என்று தட்டினார். அது என்னை இன்னும் கொதிக்க வைத்தது. எனக்கு வேண்டியது இதுதான் என்று அந்தக் கடைக்காரர் முடிவு செய்தார். இவரும் தன் பங்குக்கு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எனக்காக ஒன்றை முடிவு செய்து வைத்திருந்தார்.

அப்படியென்றால் அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"பாடுனது நீங்க. கேட்டது நானு. எனக்கும் அதுல பங்கு இருக்கு" என்றேன்.

திராட்சை ஏற்றிய வண்டிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். அழிக்க வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

இப்போது காரில் இரண்டு கார்டு இருக்கிறது. ஒன்றில் மீட்ட துண்டுகள், நான் தனியாகக் கூடலூர் பள்ளிக்குப் போய்வரும்போது கேட்க. அந்தத் துண்டுகளை மகள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் என் அக்கா மகன் போனிலும் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரிலும்கூட ஏற்றி வைத்திருக்கிறேன். இனி யார் அழிக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

இன்னொரு கார்டுக்கு என்னென்ன வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுத்தார். பல நாள் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு ஒதுக்கினார். அவர் சேர்த்தது முழுக்கப் பெண்கள் பாடிய பாட்டு. ஆண் குரல் கேட்டால்தான் தொண்டை கூடவே கிளம்பிப் போகிறதாம், பெண் குரல் என்றால் சும்மா கேட்க முடிகிறதாம். மதுரைக்குப் போகும்போது அதைத்தான் போடுகிறோம். சில நேரம் நானும் கூடச் சேர்ந்து பாடுகிறேன். எனக்குச் சுருதி நிற்காது. மேல் வரிக்கு நான் போகப் போகிறேன் என்று தெரிந்ததும், அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு செட்டின் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார். நான் விடுவதில்லை.