சுருளின் ஓரத்தில் ஒரு புள்ளி

ஷிகோகு தீவில் ஒரு மலையூர். அங்கே முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் கினுயோவுக்குப் பகலில் ஊரார் தலை; பொழுது சாய்ந்தால் மாடிக் கொட்டகையில் தொலைநோக்கி. தூரத்துச் சுருள் வடிவ நட்சத்திர மண்டலங்களைப் படமெடுத்துப் பழைய படத்தோடு ஒத்துப்பார்ப்பாள். முன்பு இல்லாத புள்ளி இருந்தால் அங்கே ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது. முதலில் அறிவிப்பவர் பெயர் பதிவாகும். ஜப்பானில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நிறைய. அந்த ஒரு பதிவுக்காகத்தான் இவளுக்கு இத்தனை வருடக் கழுத்து வலி.

போன வருடம் ஒரு புள்ளியைக் கண்டதும் தலைகால் புரியாமல் அறிவித்துவிட்டாள். நல்ல சேதி வந்தால் செய்கிற வழக்கப்படி ஊரே சிவப்புப் பயறு போட்டுச் சோறாக்கிக் கொண்டாடியது. பாத்திரம் கழுவுவதற்குள் குட்டு உடைந்தது: அது நம் சூரியனைச் சுற்றும் ஏதோ குறுங்கோள், போகிற போக்கில் குறுக்கே வந்திருக்கிறது. அதிலிருந்து முடி வெட்ட வருகிறவர்கள், "இன்னிக்குச் சோறு இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். கத்தரி அவள் கையில் இருக்கிறதே என்ற பயம் ஒருவனுக்கும் கிடையாது.

நவம்பரில் ஒரு மாலை, கடையை மூடிவிட்டு மாடியேறியவள் ஒரு சுருளின் ஓரத்தில் புதுப் புள்ளியைக் கண்டாள். தன்னையறியாமல் கத்திவிட்டாள்.

"என்ன, பயறு ஊறப் போடவா?" கீழேயிருந்து கணவர் ஷுன்கிச்சி.

"வாய மூடிட்டு இருங்க. ஒரு மணி நேரம் பாக்கப் போறேன். நகந்தா குறுங்கோள். நகரலைன்னா என்னோடது."

"அதுக்குள்ள வேற எவனாவது சொல்லிட்டா?"

"சொல்லட்டும். இன்னொரு தரம் அந்தச் சோத்த என்னால முழுங்க முடியாது."

கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் வெடித்தது ஒரு மணி நேரம் பொறுக்கும். மனிதர்கள்தான் பொறுக்க மாட்டார்கள். மறுபடி படமெடுத்தாள். புள்ளி இம்மியும் நகரவில்லை. துள்ளிக் குதித்து அறிவிக்க உட்கார்ந்தால், இதே பைத்தியத்தில் இவளுக்குப் பழக்கமான கியூஷூ தீவின் நூடுல்ஸ் கடைக்காரன் டோகுரோ முந்திக்கொண்டிருந்தான். அழுகை வந்தது. அவனைத் திட்டவும் தோன்றியது, திட்டினாள்.

திட்டி முடிப்பதற்குள் அவனே போன் செய்தான்.

"அக்கா, அவசரப்பட்டு அனுப்பிட்டேன். ஒரே படம்தான் எடுத்தேன், மேகம் மூடிடுச்சு. குறுங்கோளா இருந்தா உங்க கதிதான் எனக்கும். பேசாம வாபஸ் வாங்கிடறேன். நீங்க ஏதாவது பாத்தீங்களா?"

கினுயோ திரையில் இருந்த இரண்டு படங்களையும் பார்த்தாள். 'இல்லை' என்று ஒரு வார்த்தை போதும். அவன் பின்வாங்குவான், பெயர் இவளுடையதாகும். ஷுன்கிச்சி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாபஸ் கீபஸ் எல்லாம் வாங்காதடா, மடையா," என்றாள். "ஒரு மணி நேரம் பாத்தேன். நகரவே இல்ல. உன்னோடதுதான்."