மார்த்தாம்மா கொண்டுவந்த நனைந்த காகிதம்

எங்கள் தெருவைச் சுற்றி யார் இறந்தாலும் செய்தி எனக்குச் சீக்கிரம் வந்துவிடும். நான் பெரிய மனிதன் என்பதால் அல்ல. பலசரக்குக் கடையை ஒட்டி எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பதால். கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நம்பரைப் போட்டுக் கொடுத்து, கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பருப்பு நிறுப்பேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது கனி வந்து நின்றாள். சிறுவயதில் போலியோ வந்து, சுவிசிலிருந்து வந்த மார்த்தாம்மா நடத்திய இல்லத்தில் நடை பழகி, இன்று அங்கேயே பிள்ளைகளுக்கு நடை பழக்குகிறவள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அண்ணாச்சி, சுவிசுக்கு ஒரு போன் போடணும்" என்றாள்.

"அம்மா ஞாயித்துக்கெழமதான பேசுவாங்க?"

"அம்மா இனிமே பேசமாட்டாங்க அண்ணாச்சி."

அன்று என்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை. பருப்பும் நிறுக்கவில்லை.

இல்லத்தின் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று கேட்டபோது முதலில் மறுத்தேன். இதைப் படிக்கிற உங்களில் பலரை மார்த்தாம்மா கைபிடித்து நடக்க வைத்திருக்கிறார். எனக்கு இரண்டு காலும் ஒழுங்காகவே இருந்தன. நான் அவருக்கு அரிசியும் மெழுகுவர்த்தியும் விற்றவன், அவ்வளவுதான். ஆனால் நாற்பது வருடம் அவரோடு இருந்த உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். பாளையங்கோட்டைக்கு வருமுன், பெண்கள் பனிமலையில் பந்தயம் விடத் தொடங்கிய காலத்தில், அவர் ஒரு பந்தயக்காரி. அதை நான் எழுதாவிட்டால் எழுத ஆள் இல்லை.

அது எனக்குத் தெரிய வந்தது என் கல்லாப்பெட்டியால். ஐப்பசி மழையில் மர இழுப்பறை ஊதிப்போய்ச் சிக்கிக்கொண்டது. நான் இழுத்து மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்த மார்த்தாம்மா, தாம் வாங்கிய மெழுகுவர்த்தியில் ஒன்றை எடுத்து, இழுப்பறையின் அடிக்கட்டையில் அழுத்தித் தேய்த்தார். உள்ளே தள்ளினார். வெண்ணெய் மாதிரிப் போனது.

"இத எங்கன படிச்சீங்கம்மா?"

"பந்தயத்துல வே."

'வே' என்பதை எங்கள் ஊரில் ஆண்கள் ஆண்களிடம் சொல்வார்கள். மார்த்தாம்மா வந்த புதிதில் தமிழ் கற்றது இல்லத்துக்கு விறகு கொண்டுவந்த வண்டிக்காரர்களிடம். கடைசிவரை அந்த 'வே' அவரை விட்டுப் போகவில்லை. யாரும் திருத்தவும் இல்லை.

இரண்டு நீளப் பலகைகளைத் தோல்வாரால் காலில் கட்டிக்கொண்டு, கையில் இரண்டு கம்பு பிடித்து, பனி மூடிய மலையிலிருந்து சறுக்கி இறங்க வேண்டும். குறைந்த நேரத்தில் கீழே வந்தவர் ஜெயித்தவர். பலகையின் அடியில் மெழுகு தேய்ப்பார்கள். நான் கேட்ட முதல் கேள்வி, "பாவாடையோடயாம்மா?" என்பதுதான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டதைக் கேட்டேன் என்றுதான் எழுத வேண்டும். அவர் சிரித்தார். கால்சட்டை போட்ட பெண்களைக் கோயில் பிரசங்கத்தில் பேர் சொல்லித் திட்டுவார்களாம். அதனால் ஊருக்குள் பாவாடையோடு நடந்து, மரங்கள் முடிந்து வெறும் பனி தொடங்குகிற இடத்தில் அதைக் கழற்றி மடித்துப் பையில் வைப்பார்களாம். இப்படிக் குதித்தால் பெண்களின் வயிறு கெட்டுப்போகும் என்று அவர்கள் ஊர் டாக்டர் எச்சரித்தாராம். "எங்க அம்மா பத்துப் பிள்ள பெத்தப்ப அந்த டாக்டர் வயித்தப் பத்தி ஒண்ணும் சொல்லல வே" என்றார்.

மேலே ஏற ரயிலோ இழுவைக் கயிறோ அவர்கள் மலையில் கிடையாது. பலகையைத் தோளில் வைத்து நடந்துதான் ஏற வேண்டும். ஏறும்போதே, பந்தயம் விடப் போகிற பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்று, பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து, இளகிக் கிடக்கும் பனியை மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். "எல்லாருமாச் சேந்து பாதையப் போடுவோம். அப்புறம்தான் ஒருத்திய ஒருத்தி ஜெயிப்போம்." இதை அவர் சொன்ன வாரம், எதிர்த்த சாரியில் புதிதாகப் பலசரக்குக் கடை போட்டவனிடம் நான் பேச்சை நிறுத்தியிருந்தேன். மறுநாள் போய்ப் பேசினேன். இரண்டு கடைக்கும் நடுவே மழைத்தண்ணீர் தேங்குகிற பள்ளத்தை இருவரும் சேர்ந்து மண் அடித்து மூடினோம். வியாபாரத்தில் மட்டும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

நான் சாத்தான்குளத்துக்காரன். சறுக்குவது எங்களுக்குப் புதிதா? சின்ன வயதில் தேரியின் செம்மண் மேட்டில் பனைமட்டையில் உட்கார்ந்து சறுக்காத பிள்ளை கிடையாது. இதைச் சொல்லிப் பெருமையடித்தேன். "காட்டும்" என்றார். எண்பத்திரண்டு வயதில் தேரிக்கு வருகிறேன் என்று நின்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் அவரையும், என் மனைவி செல்வக்கனியையும், என் மதினியையும் ஏற்றிக்கொண்டு போனேன். காரிலேயே இருங்கள் என்று சொன்னதை அவர் கேட்கவில்லை. பைய ஏறினார். மேலே நின்று, கண்ணைச் சுருக்கி, மேட்டின் சரிவை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் மனைவியையும் மதினியையும் திரும்பிப் பார்த்து, "யாரு முதல்ல?" என்றார்.

"ஐயோ அம்மா, சேலையோடயா?" என்றாள் மதினி.

"அங்கன என்ன டாக்டரா நிக்காரு? உக்காரு."

இருவருக்கும் பந்தயம் என்று ஆயிற்று. ஒருவர் பின் ஒருவராக இறங்குவது. மேலே மார்த்தாம்மா கைக்குட்டையை அசைப்பது. கீழே நான் என் கைக்கடிகாரத்தில் நொடி பார்ப்பது. செல்வக்கனி வந்தாள். பதினான்கு நொடி. மதினி பாதி வழியில் மட்டையிலிருந்து உருண்டு, மட்டை தனியாக வர, அவள் பின்னால் வந்து சேர்ந்தாள். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "எவ்வளவு?" என்று மேலிருந்து குரல். "பதினாறு!" என்று கத்தினேன்.

அவர் இறங்கி வந்து என் எதிரில் நின்றார். "கடிகாரத்தப் பாத்துச் சொன்னீரா, வாயால சொன்னீரா?"

"சும்மா ஒரு வெளாட்டுதானம்மா."

"பாத்தீரா?"

"பாக்கல."

"அப்பம் தெரியாதுன்னு சொல்லும் வே. ஏன் பதினாறுன்னு சொன்னீரு?"

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. மட்டைச் சறுக்கலுக்கு இவ்வளவு கோபமா என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்.  திரும்பி வரும்போது காரில், வல்லநாடு தாண்டிய பிறகு மதினி, "இந்தக் கெழவிக்கு என்ன வந்துச்சு?" என்று என் மனைவியின் காதில் கேட்டாள். கேட்டது தமிழ் தெரிந்த காது எல்லாவற்றிலும் விழுந்தது.

காரணம் எனக்கு அடுத்த வருடம்தான் புரிந்தது. அப்போது பூத்தில் ஃபேக்ஸ் மெஷினும் வைத்திருந்தேன். அவருடைய ஊரிலிருந்து அவர் பேருக்கு ஒரு தாள் வந்தது. பெண்களின் பனிச்சறுக்குப் பந்தயம் தொடங்கிய வரலாற்றைச் சிலர் புத்தகமாகத் தொகுக்கிறார்களாம். அவர்கள் மலையில் நடந்த அந்தப் பந்தயத்தில் முதலில் வந்தவர் நீங்கள் என்று பழைய குறிப்பில் இருக்கிறது, சரிதானா, உங்கள் கையெழுத்தோடு உறுதி செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார்கள். நான் மகிழ்ந்துபோய், "அம்மா, இந்தத் தெருவுக்கே பெருமை" என்றேன். அவர் பூத்தின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அன்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

பந்தயத்துக்கு ஏழு பெண்கள். மலை உச்சியில் ஒருவர், அடிவாரத்தில் ஒருவர், இருவர் கையிலும் ஒரே நேரம் காட்டும் கடிகாரம். மேலே இருப்பவர், யார் எத்தனை மணிக்குப் புறப்பட்டார் என்று காகிதத்தில் எழுதுவார். கீழே இருப்பவர், வந்து சேர்ந்த நேரத்தை எழுதுவார். இரண்டு காகிதமும் சேர்ந்தால்தான் யாருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியும். அந்த மலையில் போன் கிடையாது. ஆகவே கடைசியாகப் புறப்படுகிறவள் மேல் காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்குவது வழக்கம். அன்று கடைசி ஆள் மார்த்தாம்மா. அவருக்கு முன்னால் புறப்பட்டவள் எல்சா, ரொட்டிக்கடைக்காரர் மகள். அன்று மூடுபனி. விலக விலகத்தான் ஒவ்வொருவராக விட்டார்கள். ஒரே சீரான இடைவெளி இல்லை. மார்த்தாம்மா பாதி வழியில் ஓர் ஓடையில் விழுந்து எழுந்து வந்தார். காகிதத்தில் எழுதியிருந்தது காப்பிங் பென்சிலால். நாமும் ஒரு காலத்தில் பில் போட்டது அதில்தான். தண்ணீர் பட்டால் ஊதா மையாகக் கரைந்துவிடும். ஆறு பேரின் வரி தப்பித்தது. கடைசி வரி, அவருடைய சொந்த வரி, வெறும் கறை.

மேலே இருந்தவர், எழுதியதோடு சரி, நினைவில்லை என்றார். எல்சாவிடம் கேட்டார்கள். "நான் திரும்பிப் பாக்கல. மார்த்தா சொல்லட்டும்" என்றாள். எல்சா போன பிறகு எத்தனை நிமிடம் நின்றாய் என்று இவரைக் கேட்டார்கள். மூன்று என்றால் எல்சா முதல். நான்கு என்றால் மார்த்தா முதல். ஜெயித்தவளைத்தான் பெரிய பந்தயத்துக்கு அனுப்புவார்கள். அந்த வட்டாரத்தில் பெண்களுக்கும் இடம் உண்டு என்று முதன்முதலாக ஒப்புக்கொண்ட பந்தயம் அது.

"நாலுன்னு சொன்னேன்."

"நாலுதானம்மா?"

"என் வாய் நாலுன்னு சொல்லிச்சு வே. நான் எண்ணல. குளிர்ல யாரு எண்ணுவா? நாலுன்னா நான்தான் ஜெயிப்பேன்கிறது அப்பம் என் தலையில இருந்துச்சா இல்லையான்னுகூடத் தெரியல."

பெரிய பந்தயத்துக்கு இவர் போனார். மூன்றாவது வளைவிலேயே விழுந்தார். எல்சா ரொட்டிக்கடையிலேயே இருந்துவிட்டாள். அவள் ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லையாம். "கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

நான் வியாபாரியாகத்தான் பேசினேன். "அறுபது வருசம் ஆச்சு. ஒரு கையெழுத்து. யாருக்கு நட்டம்?"

"எல்சாவுக்கு." உடனே பேனாவைத் திறந்தார். "எல்சாதான் ஜெயிச்சான்னு எழுதிருதேன்."

அப்போது எனக்கு ஒன்று தட்டியது. தேரியில் வாங்கிய ஏச்சின் மிச்சம் அது. "அம்மா, எல்சா ஜெயிச்சது உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாது."

"பொறவு அதையும் வாயாலதான சொல்லுதீங்க? நாலு உங்க வாய். மூணும் உங்க வாய்தான்."

பேனா நின்றது.  "கடைக்காரன் கிட்ட மாட்டிக்கிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். கண்ணில் நீர் இருந்தது. நடந்ததை எல்லாம் ஒரு பக்கம் எழுதி, கடைசியில் 'யார் முதல் என்று எனக்குத் தெரியாது. அன்றே அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். எல்சா இருந்தால் இதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்' என்று முடித்தார். நானே மெஷினில் வைத்து அனுப்பினேன்.

அதன் பிறகு தினமும் காலையில் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வருவார். "ஏதும் வந்துச்சா வே?" வரவில்லை. ஏழெட்டு மாதம் இப்படிப் போனது. இறப்பதற்கு முந்தின சனிக்கிழமையும் நடந்தே வந்து கேட்டார். வரவில்லை என்றேன். மெழுகுவர்த்தி ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் மெஷின் கிறீச்சிட்டது. என் மகள் வாசித்துச் சொன்னாள். எல்சா இருக்கிறார். முதியோர் இல்லம் ஒன்றில் தேடிக் கண்டுபிடிக்க இவ்வளவு காலம் ஆகிவிட்டதாம். கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அவர் சொன்னாராம்: "தெரியாது என்று சொல்ல அவளுக்கு அறுபது வருடம் ஆகியிருக்கிறது. நான் அன்றே சொன்னேன்." பிறகு, "அவள் இப்போதும் நடக்கிறாளா என்று கேளுங்கள்" என்றாராம். புத்தகத்தில் இரண்டு பேரையும் ஒரே வரியில் போட்டு, நேரத்துக்கான இடத்தை வெறுமையாக விடப் போகிறார்கள்.

ஃபேக்ஸ் தாளின் எழுத்து இரண்டு வருடத்தில் வெளிறிப் போகும். அதனால் உடனே ஜெராக்ஸ் எடுத்து ஒன்றைக் கனியிடம் கொடுத்தேன். எல்சாவுக்கு மகளை வைத்துப் பதில் எழுதினேன்: கடைசி வாரம்வரை என் கடைக்குத் தானாகவே நடந்து வந்தார். இது நான் கண்ணால் பார்த்தது.

பந்தயத்தில் வாங்கிய ஈயக்கோப்பையை எல்சாவுக்கு அனுப்பிவிடலாமா என்று கனி கேட்டாள். ஊன்றுகோலின் நுனியில் மாட்டுகிற ரப்பர் குமிழ்களை மார்த்தாம்மா போட்டு வைத்திருந்தது அதில்தான். யாருக்கு என்று தெரியாத கோப்பையை யாருக்கு அனுப்புவது? ரப்பர் குமிழ் அதிலேயே இருக்கட்டும் என்றேன்.

நான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருப்பது ஒரே சொல். முன்பெல்லாம் யாராவது வந்து, "அண்ணாச்சி, இந்த நல்லெண்ண புதுசா?" என்று கேட்டால், யோசிக்காமல் "நேத்துதாம்மா வந்துச்சு" என்பேன். இப்போது தெரியாவிட்டால், தெரியாது, மோந்து பாருங்கள் என்கிறேன். கடை ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

நேற்றுச் சாப்பிடும்போது செல்வக்கனி கேட்டாள். "தேரியில அன்னைக்கு மதினிய நான்தான ஜெயிச்சேன்?"

அவள் மட்டையிலிருந்து உருளவில்லை, மதினி உருண்டாள். எந்தக் கடைக்காரனும் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்பான். நானும் வாயைத் திறந்தேன்.

"தெரியாது" என்றேன். "மதினி வந்தப்ப நான் கடிகாரத்தப் பாக்கல."

ஒரு கரண்டி சோறு கூடுதலாகவே வைத்தாள்.